பழைய ராணுவத் துப்பாக்கி: எண் ஒத்துப்போகாவிட்டால் விலை குறையுமா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): 1948-இல் எங்கள் ஊர்ப் பக்கம் துரைமார் மூவரைச் சுட்டு கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியதே, அப்போது தாத்தா தோட்டக் காவலுக்குப் போனவர். லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியோடு நிற்கும் அவர் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. டெக்சாஸில் இருக்கும் அண்ணன் அதே ரகம் ஒன்று பார்த்திருக்கிறார், ஆனால் போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) ஒரு வரிசை எண், உடம்பில் வேறு எண். குறைத்துக் கேட்கலாமா?

பதில் 1: தாராளமாகக் கேட்கலாம், சேகரிப்பவர்கள் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதைவிடப் பாதுகாப்பு முக்கியம். போல்ட்டை அந்தந்தத் துப்பாக்கிக்குப் பொருத்திச் சரிபார்த்துத்தான் எண் அடித்தார்கள், வேறொன்றின் போல்ட் என்றால் தோட்டா உட்காரும் இடைவெளி மாறியிருக்கலாம், தெரிந்தவரிடம் கொடுத்து அளக்காமல் சுடவே கூடாது.

பதில் 2: ஒத்திருந்தாலும் உடனே நம்பாதீர்கள். பழைய எண்ணை அரைத்துவிட்டுப் புதிதாக அடித்தவையும் உண்டு. போல்ட் கைப்பிடியின் பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அரைத்த இடம் லேசாகக் குழிந்திருக்கும்.

பதில் 3: தம்பி, இங்கே மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

கேட்டவர்: இல்லைங்க, அது அங்கேயேதான் இருக்கும். சரி, கைப்பிடியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டேன், வந்ததும் போடுகிறேன்.