குழு வயலின் வகுப்பு: சொல்லித்தருகிறவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மலஹரி
நவராத்திரிக்கு ஒன்பது பிள்ளைகள், மலஹரி ராகத்தில் ஒரு கீதம் (தொடக்கப் பாடல்). முதல் காலம் (மெதுவான வேகம்) அச்சு மாதிரி வந்தது. இரண்டாம் காலம் எடுத்ததும் ஐந்து வில் கீழே, நாலு வில் மேலே. ஒரு வில் நுனி பக்கத்துப் பெண்ணின் முழங்கையில் இடிக்க, அவள் நிறுத்தினாள். வரிசையாக எல்லாரும் நின்றுவிட்டார்கள். சரளிவரிசையில் (முதல் ஸ்வரப் பயிற்சி) வில்லுக்கு 1 ஸ்வரம், அடுத்த காலத்தில் 2, அதற்கடுத்து 4 என்பது எல்லாப் பிள்ளைக்கும் அத்துபடி. கீதத்தில் ஸ்வரம் நீளும் இடத்தில் வில்லைத் திருப்புவதா, இழுத்துக்கொண்டே போவதா? அதைத்தான் சொல்லித்தரவில்லை. தனியாக வாசித்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை.

தைவதம்
வில் தப்பு கண்ணுக்குத் தெரியும். காதுக்குத் தப்புவதுதான் ஆபத்து. எட்டுப் பேர் கூட்டத்தில் ஒரு பையனின் தப்பான ரி மூன்று மாதம் ஒளிந்திருந்தது. குழுவைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை ஸ, ப கம்பிகளை மட்டும் மெதுவாக இழுக்கச் சொன்னதும் அந்த ரி தனியாக நின்றது, ஸ-வை ஒட்டி இருக்க வேண்டியது சதுஸ்ருதிக்கு (அதைவிட உயர்ந்த ரி) ஒரு முடி கீழே. முழு அளவு வயலினில் மாயாமாளவகௌளையின் (ஆரம்பப் பாடங்களின் ராகம்) ரி-க இடைவெளி நாலரை செ.மீ. க-ம ஒன்றரைதான். நடுவிரல் க-வுக்கு எட்டும்போது ஆள்காட்டி விரலும் கூடவே நகர்ந்துவிடும். ரி-யில் விரலை எடுக்காமல் ரி-க-ரி-க என்று இருபது தடவை. அதற்குப் பிறகுதான் ம.

ஜி_மேஜர்
@தைவதம், சின்னக் கைக்கு நாலரை செ.மீ. கொடுத்துவிட்டுப் பையனைக் குறை சொன்னால் எப்படி? சங்கராபரணத்தில் (மேற்கத்திய மேஜர் ஸ்கேல் மாதிரியான ராகம்) தொடங்கினால் ரி-க 3 செ.மீ.க்குள் அடங்கும். மேற்கத்திய வகுப்பில் பிள்ளைகள் முதலில் பிடிப்பதே அந்த விரலமைப்பைத்தான். ஸ கம்பியில் பழகியது அப்படியே ப கம்பிக்கும் வரும் என்பது மாயாமாளவகௌளைக்கு மட்டும் உள்ள பெருமை இல்லை, சங்கராபரணத்துக்கும் உண்டு.

பிருடை
ஜி_மேஜர் சார், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாயாமாளவகௌளையில் பழகும் பாட்டு வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கும் நாளில் உங்கள் சங்கராபரணம் எங்கே ஒட்டும்?

நான் பார்த்தது வேறு. அரை அளவு வயலினை 1 கட்டை (சி) ஸ்ருதிக்கு இறக்கிக் கொடுத்திருந்தார்கள். மந்தர ஸ கம்பி (நாலில் மிகக் கீழ் ஸ்ருதியில் உள்ளது) துணி காயப்போட்ட கொடி மாதிரி தொய்ந்து, வில் பட்டதும் 'கொர்' என்றது. பிள்ளை பயந்து அழுத்த, இன்னும் மோசம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சின்ன வயலின்கள் கலந்த குழுவுக்கு 5 கட்டை (ஜி) ஸ்ருதி வையுங்கள். கீழிரண்டு கம்பிகளும் கடையில் வாங்கும் செட்டின் ஜி, டி-யிலேயே நிற்கும். ஏ-வை ஜி-க்கும், ஈ-யை டி-க்கும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும், விறைப்பு போகாது. ஒரே ஆள் எல்லா வயலினையும் ஸ்ருதி சேர்க்கட்டும். பிருடையை (கம்பி சுற்றும் முளை) திருப்பும்போது உள்பக்கமாக லேசாக அழுத்துங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். எல்லாம் முடிந்ததும் பிரிட்ஜை (கம்பிகளைத் தாங்கும் சின்னப் பலகை) பக்கவாட்டில் பாருங்கள், விரல்பலகைப் பக்கம் சாய்ந்திருக்கும். நிமிர்த்தாமல் கம்பியை இறுக்கிக்கொண்டே போனால் ஒருநாள் படாரென்று விழும். பிறகு மந்தர ப கம்பியில் (கீழிருந்து இரண்டாவது) மூன்றாம் விரலில் மத்திய ஸ பிடிக்கச் சொல்லுங்கள். விரல் சரியாக விழுந்தால் பக்கத்து ஸ கம்பி தொடாமலே அதிரும். கூட்டத்திலும் பிள்ளை தன்னைத் தானே சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தைவதம்
ஜி_மேஜர், பையனைக் குறை சொன்னது யார்? மூன்று மாதம் கேட்காமல் விட்ட காதைத்தான் சொன்னேன். பிருடை அண்ணா, மூன்றாம் விரல் சோதனையில் ரி அகப்படாதே. அதற்கு ஸ கம்பி இழுக்க ஆள் வேண்டும், அதனால்தான் குழுவைப் பாதியாகப் பிரிப்பது.

மலஹரி
கட்டையெல்லாம் சரிங்க, என் கேள்வி அப்படியே கிடக்கிறது. மலஹரி ஆரோஹணத்தில் (ஏறுவரிசை) க கிடையாது, விரல் ரி-யிலிருந்து ம-வுக்குத் தாவும்போதே பிள்ளைகள் வில்லையும் திருப்பிவிடுகிறார்கள். நீளும் ஸ்வரத்துக்கு நோட்டில் ஒரு வளைகோடு போட்டு, வாயால் பாடிக்கொண்டே வெறும் வில்லை மட்டும் காற்றில் ஆட்டிப் பார்க்கிறோம். ஒன்பதில் ஏழு ஒரே பக்கம் வந்துவிட்டது. உட்காரும்போது வலப்பக்கம் இரண்டரை அடி விட்டாயிற்று.