மறுமொழி: நுண்துளை நீர் அழுத்தமா, மண்ணிடை நீரமுக்கமா?

குழுவினருக்கு வணக்கம். மண்சரிவுத் துண்டுப்பிரசுரத்துக்கும் நம் கலைச்சொல் பட்டியலுக்கும் pore water pressure என்பதற்கு, அதாவது மண்மணிகளுக்கு நடுவில் இருக்கும் நீரின் அமுக்கத்துக்கு, எந்தத் தமிழ்ச்சொல் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> நுண்துளை நீர் அழுத்தம் என்று தமிழ்நாட்டுப் பொறியியல் நூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

எடுத்துக்கொள்ளலாம் அண்ணன். ஆனால் இலங்கைப் பாடநூலில் படித்த பிள்ளைக்கு அது அமுக்கம், அழுத்தம் என்றால் மின்சாரப் பாடம்தான் ஞாபகம் வரும். சரி, அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டேன், அங்கே அழுத்தம் இங்கே அமுக்கம் என்று இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்துவது அந்த நுண்துளை. துளை என்றால் ஒரு பொருளில் விழுந்த ஓட்டை. மண்ணில் மணிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன, நடுவில் இடைவெளி, அதற்குள் நீர். அந்த நீரின் அமுக்கம் ஏறினால் மணிக்கும் மணிக்கும் உள்ள பிடி தளர்கிறது. 1920களில் மண் பொறியியலாளர் தெர்சாகி சொன்னதன் சாரம் இதுதான்: மேலிருந்து வரும் சுமையில் நீர் தாங்கும் பங்கைக் கழித்தால் மிஞ்சுவதே மண்மணிகள் தாங்குவது, உராய்வு கிடைப்பதும் அந்த மிச்சத்திலிருந்துதான். அதனால் மண்ணிடை நீரமுக்கம் என்று முன்மொழிகிறேன்.

> துண்டுப்பிரசுரத்துக்கு இவ்வளவு எதற்கு? மண் ஊறிக் கனத்துச் சரிகிறது என்று எழுதினால் சனத்துக்கு விளங்கும்தானே.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். கனம்தான் காரணம் என்று நினைப்பவர் மழை விட்டதும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பிவிடுவார். மேலே பெய்த நீர் மண்ணுக்குள் இறங்கிக் கீழ்ச்சரிவுக்கு வந்து சேர நேரம் எடுக்கும், மழை நின்ற பிறகும் உள்ளே அமுக்கம் ஏறலாம். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை தாண்டினால் வெளியேறு என்று இலங்கையில் அதிகாரிகள் சொல்கிறார்கள், நல்லது, ஆனால் அந்த எண் அளப்பது வானத்திலிருந்து விழுந்ததை. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் சரிந்து லயங்களை மூடிய மண்ணைப் பற்றி இன்னும் எங்கள் ஆட்கள் 'பாரம் தாங்காமல் வந்துவிட்டது' என்றுதான் பேசுகிறார்கள்.

லயத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டிக் கட்டிய அணைச்சுவர்களைப் பார்த்திருப்பீர்கள், நீர் வடிய அதில் குழாய் வைத்திருப்பார்கள், இரண்டு மழைக்காலம் போனதும் மண்ணும் வேரும் அடைத்துவிடும். அடைமழை நேரத்தில் அப்படி ஒரு குழாயை இரும்புக் கம்பியால் குத்தித் திறந்து பாருங்கள், நீர் சொட்டாது, வடிகானையும் தாண்டிப் பீய்ச்சிக்கொண்டு போய் விழும். ஈரம் பீய்ச்சாது, அமுக்கம்தான் பீய்ச்சும். மலையகத்து வட்டவளையில் ரயில் பாதையோரம் அசைந்துகொண்டிருந்த சரிவை 1990களில் அடக்கியதும் உள்ளேயிருந்த நீரை வடித்துத்தான்.

இன்னும் பிடிவாதம் பிடிப்பவர்களுக்குக் கடலடியைக் காட்டுவேன். கழிமுகத்து அடையல், ஆறு கொண்டுவந்து படியவிட்ட மண், எந்நேரமும் நீருக்குள்தான் கிடக்கிறது, அதற்கு மேல் அது ஊற என்ன இருக்கிறது? ஆனாலும் சரிகிறது. மிசிசிப்பிக் கழிமுகத்தில் ஒரு பாகைக்கும் குறைந்த சாய்விலேயே சேறு நகர்கிறது. ஆறு மேலே மேலே கொண்டுவந்து கொட்டுகிறது, நுண்ணிய களியிலிருந்து நீர் அவ்வளவு விரைவாக வெளியேற முடியாது, ஆகவே புதிய சுமையை மணிகளுக்குப் பதில் நீர் சுமக்கிறது. 1979 ஒக்டோபர் 16இல் பிரான்ஸின் நீஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வார் ஆற்றுக் கழிமுகத்தில், துறைமுகத்துக்காக நிரப்பிய நிலம் கடலுக்குள் போய் அலை எழும்பி உயிர்ச்சேதமும் ஆனது. அதற்கு முன் கனமழை. மண்போட்டு நிரப்பிய சுமையும் காரணம்தான், ஆனால் கரையிலிருந்து தரைக்கீழ் நீர் மணல், பரல் படைகள் வழியாகக் கடலடிக்குப் போய், களிப்படையில் அமுக்கத்தை ஏற்றி, அதன் உப்பையும் கழுவிப் பலவீனமாக்கியது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மழை பெய்தது கரையில், சரிந்தது கடலுக்குள்.

அப்புறம், இதற்கே டீச்சர் முன்மொழிந்த இன்னொரு சொல், ஊற்றமுக்கம். ஊற்றுநீர் விழும் பீலிக்கரையில் வளர்ந்த எங்களுக்குக் கேட்டதும் பிடிக்கும். ஆனால் பாதி உலர்ந்த மண்ணில் இந்த அமுக்கம் பூச்சியத்துக்கும் கீழே போகும், மணிகளை இழுத்துப் பிடிக்கும். செங்குத்தாக வெட்டிய மண்சரிவு முகம் கோடையில் ஆடாமல் நிற்பதில் அந்த இழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு, மழை முதலில் பறிப்பது அதைத்தான். எதிர் ஊற்றமுக்கம் என்றால் என்ன அர்த்தம்? எதிர் மண்ணிடை நீரமுக்கம் கொஞ்சம் நீளம், ஆனால் பொருந்துகிறது. கழிமுகத்துக்கு மிகை மண்ணிடை நீரமுக்கம். பாறை வெடிப்புக்குப் பாறையிடை நீரமுக்கம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் இதை முதலிலும் நுண்துளை நீர் அழுத்தத்தை இணைச்சொல்லாகவும் போடுகிறேன். தகைப்பு (stress) என்ற சொல் பற்றிய சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

---

இதற்கு வந்த மறுமொழி: மறுப்பு இருக்கிறது தம்பி. மண்ணிடை என்றால் இரண்டு மண்படைகளுக்கு இடையில் என்று ஒரு மாணவன் படித்துவிடுவான், களிக்கும் மணலுக்கும் நடுவில் நீர் தேங்குவதும் தனி விஷயமாக இருக்கும்போது குழப்பம் வரும். நீங்களே 'மணிக்கும் மணிக்கும்' என்றுதானே விளக்கினீர்கள், மணியிடை நீரமுக்கம் என்றே வைத்தால் என்ன? துண்டுப்பிரசுரத்தில் அந்தக் குழாய் விஷயத்தைப் படத்தோடு போடுங்கள்.