மின்தடையின்போது நாஸ் தானாக அணைய யுபிஎஸ்ஸை எப்படி அமைப்பது?

வணக்கம். மின்சாரம் நின்றால் வீட்டிலுள்ள நாஸ் (NAS, வீட்டு வலையமைப்பு வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) வட்டில் தரவை எழுதும் பணியை முடித்துவிட்டுத் தானாக அணைய வேண்டும் என்பதற்காக, அதை யுஎஸ்பி கம்பியால் யுபிஎஸ்ஸுடன் இணைத்துள்ளேன். குடும்பப் படங்கள் அனைத்தும் அதில்தான் இருக்கின்றன. யுபிஎஸ்ஸின் நிலையை மற்ற கணினிகளுக்குத் தெரிவிக்க நாஸில் இயங்கும் நட் (NUT) மென்பொருளின் சர்வரை லினக்ஸ் கணினியும் 3493ஆம் போர்ட் வழியாகக் கவனிக்கிறது. இரண்டையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் அணைந்தால் செய்தியே போய்ச் சேராது என்பதால் அதையும் அதே யுபிஎஸ்ஸில் செருகியிருக்கிறேன்.

பேட்டரி குறைந்துவிட்டதென்ற அறிவிப்பு வரும்வரை காத்திருப்பதா, மின்தடை ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே அணைப்பதா? பழைய பேட்டரி காட்டும் மீதி நேரத்தை நம்ப முடியாது என்பதால், எனக்கு இரண்டாவதே சரியெனத் தோன்றுகிறது. மேலும், அணையும் வேளையிலேயே மின்சாரம் திரும்பிவிட்டால், யுபிஎஸ் தன் வெளியீட்டை ஒருமுறை துண்டித்து மீண்டும் தந்து நாஸை எழுப்ப என்ன அமைப்பு வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.