தியானத்தில் அடங்கும் மனம் அறத்தையும் வளர்க்குமா?

கேள்வி:
தியானம் பழகுபவர்கள் சிலரிடம் நான் கவனித்த ஒன்றைக் குறித்து விளக்கம் வேண்டுகிறேன். பிறர் மனம் நோகப் பேசிவிட்டுக் கண்மூடி அமர்ந்தால் படபடப்பு அடங்குகிறது; ஆனால் நோகச் செய்தோமே என்ற உறுத்தலும் அதனுடனேயே அடங்கிவிடுவதால், உரியவரிடம் சென்று மன்னிப்புக் கேட்கும் எண்ணமே எழுவதில்லை. அமைதி தரும் பயிற்சி அறத்தையும் தானாகவே தந்துவிடுமா, அல்லது அதற்கெனத் தனிப் பயிற்சி வேண்டுமா?

மறுமொழி 1:
வணக்கம். யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலி, யோகத்தின் எட்டு அங்கங்களில் தியானத்தை ஏழாவதாகத்தான் வைக்கிறார். கொல்லாமையும் வாய்மையும் அடங்கிய இயமமே முதல் அங்கம். பௌத்தத்திலும் சீலம் எனும் ஒழுக்கம் முன்னே, சமாதி எனும் மன ஒருமை பின்னே. தியான ஆசிரியர் கோயங்காவின் மரபில் பத்து நாள் விபாசனா எனும் பௌத்தத் தியான முகாமுக்குச் செல்பவர்கள், மூச்சைக் கவனிக்கத் தொடங்கும் முன்பே கொல்லாமை, பொய்யாமை முதலான ஐந்து சீலங்களை ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த முதற்படியை விட்டுவிட்டு, மன அழுத்தம் தணிக்கும் வழியாக மட்டும் தியானத்தை இன்று பல இடங்களில் கற்பிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

தங்கள் கேள்விக்கு நேரான விடை, மஜ்ஜிம நிகாயம் எனும் பௌத்த நூல் தொகுப்பில் புத்தர் தம் மகன் இராகுலனுக்குக் கூறும் அறிவுரையில் இருக்கிறது. எந்தச் செயலையும் சொல்லையும் எண்ணத்தையும், அது நிகழும் முன்பும் நிகழும்போதும் நிகழ்ந்த பின்பும், தனக்கோ பிறருக்கோ துன்பம் விளைப்பதா என்று ஆராய வேண்டும் என்கிறார். செயலாலோ சொல்லாலோ தீங்கு நேர்ந்திருந்தால், அதை ஆசிரியரிடமோ அறிவுடைய உடன்துறவியரிடமோ வெளிப்படையாகச் சொல்லி, இனி அவ்வாறு நிகழாமல் காத்துக்கொள்ள வேண்டும். உறுத்தலை மூச்சில் கரைத்துவிடும்படி அவர் கூறவில்லை.

மறுமொழி 2:
கிறித்தவ மரபிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனையில், முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறி, தன் குறைகளை அறிய இறையருளை வேண்டி, விழித்தெழுந்தது முதல் ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணம், சொல், செயல் என்ற முறையில் திரும்பிப் பார்த்து, மன்னிப்பு வேண்டி, திருந்துவதற்கு உறுதி பூணுகிறோம். நன்றி முதலில் வருவது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அது இல்லாத சோதனை எளிதில் தன்வெறுப்பாக மாறிவிடும். மேலும், பலிபீடத்தின் முன் நிற்கையில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு கூறுகிறார். வழிபாடே காத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆயினும் இவை பெரும்பாலும் தன்னைத் தானே ஆராய்வதாக இருப்பதால், துன்புற்றவரைவிடத் தன் தூய்மையைப் பற்றிய கவலையே மிகுந்துவிடாதா?

மறுமொழி 3:
மிக நல்ல ஐயம். இதனால்தான் வள்ளலாரின் வழியை நான் உயர்வாகக் கருதுகிறேன். வடலூரில் அவர் சத்திய தருமச்சாலையை 1867இல் தொடங்கினார். சோதி வழிபாட்டுக்குரிய சத்திய ஞானசபை 1872இல்தான் தொடங்கப்பட்டது. பசித்தவருக்குச் சோறிடுவது முன்னே நிகழ்ந்தது. தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சீவகாருண்ணியமே (உயிர்களிடம் கொள்ளும் இரக்கமே) மோட்ச வீட்டின் திறவுகோல் என்று எழுதியவருக்கு, பிறருடைய பசி தியானத்துக்கு இடையூறாகத் தோன்றவில்லை. அதை உணர்ந்து உருகுவதே அவருக்கு வழிபாடாயிற்று.

ஆகவே, முதல் மறுமொழியாளர் கூறிய தன்னாய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் 'நான் என்ன செய்தேன்' என்பதோடு 'அவர் இப்போது எவ்வாறு இருக்கிறார்' என்ற கேள்வியையும் அமரும்போது எழுப்பிப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், எழுந்து சென்று அவரிடமே கேட்பது தவிர வேறு வழியில்லை.