பில் ப்ரூஃபோர்டின் ஸ்னேர் ஓசை எப்படி வரும்?

உருமி_சிப்புட்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உருமி மேளத்தோடு டிரம் செட்டும் சேர்க்கிறோம். யெஸ், கிங் கிரிம்சன் ராக் குழுக்களின் டிரம்மர் ப்ரூஃபோர்டு மாதிரி ஸ்னேர் (அடித்தோலில் கம்பி கட்டிய சின்ன டிரம்) 'டங்'குன்னு கேட்கணும். எங்களது 'டப்'புன்னு அடங்குது. அண்ணன்மார் சொல்லுங்க.

தோட்டத்து_தாளம்: தம்பி, முதலில் தோல்மேல் ஒட்டிய டேப்பை உரிங்க. அந்த ஓசைக்கு ரீங்காரம்தான் உயிர். 14 அங்குல விட்டம், 5 அங்குல ஆழ உலோக ஸ்னேர் போதும். மேல் தோலை எதிரெதிர் திருகாக, கால் சுற்று கால் சுற்றாக ஏத்துங்க. ஒரே பக்கமா முறுக்கினா சுருதி ரெண்டாப் பிரியும். அடுத்து ரிம்ஷாட்: குச்சியின் நுனி நடுவிலும், தண்டு விளிம்பிலும் ஒரே நேரத்தில் படணும். ஸ்னேர் ரொம்பத் தாழ்ந்தா விளிம்பு தப்பிடும். நம்ம ஊர் ஈரத்தில் கீழ்க்கம்பி துருப்பிடிக்கும், அதையும் பாருங்க.

ஈப்போ_ஜதி: கருவி பாதிதான், மீதி வாசிக்கிறவர். ப்ரூஃபோர்டு 1949இல் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் பிறந்தவர், ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். 1972இல் யெஸ் உச்சத்தில் இருந்தபோதே கிங் கிரிம்சனுக்குப் போனார் (துணிச்சல்தான்!). 80களில் சிம்மன்ஸ் எலெக்ட்ரானிக் டிரம், பிறகு எர்த்வொர்க்ஸ் ஜாஸ் குழு. 2009இல் மேடையை விட்டார், பல வருஷம் கழித்துத் திரும்ப வாசிக்க வந்தார்.
பயிற்சிக்கு: 'தகிட தகதிமி' என்ற ஏழு எண்ணிக்கையைக் கையில் ஓட்டுங்க, காலில் நேரான அடி. இரண்டாவது சுற்றில் அடி இடம் மாறும், அங்கேதான் எல்லாரும் அவசரப்படுவாங்க. மெட்ரோநோம் (தாள வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடி.

உருமி_சிப்புட்: நன்றிண்ணே. டேப் உரிச்சாச்சு, அக்கம்பக்கம்தான் பாவம்.