குளத்தில் மூழ்குகிறவர் கத்துவதில்லை: நாங்கள் பார்த்தவை

செந்தூலிலிருந்து:

கோலாலம்பூரில் இப்போது பெரும்பாலான கொண்டோக்களில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புகளில், நீச்சல் குளம் இருக்கிறது. பிறந்தநாள், பார்பிக்யூ எல்லாம் அதன் ஓரத்தில்தான். உயிர்காப்பாளர் இருப்பது அபூர்வம். சொந்தப் பொறுப்பில் நீந்தவும் என்று ஒரு பலகை இருக்கும், அவ்வளவுதான்.

போன பள்ளி விடுமுறையில் என் நாத்தனார் மகனுக்குப் பிறந்தநாள். பெரியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கேக் வெட்டப்போகிறார்கள் என்று எல்லாரும் மேசைப் பக்கம் திரும்பிவிட்டோம். பெரிய குளத்தில் ஒரு சிறுமி சும்மா நிற்பது போல் தெரிந்தது. கரைக்கும் அவளுக்கும் ஒரு கை தூரம்தான். தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தது. ஈர முடி கண்ணை மறைத்திருந்தது, அதை ஒதுக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கியபடியே இருந்தன. பக்கத்தில் பந்து விளையாடிய பையன்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. என் ஓரகத்திதான் கவனித்து, ஓடிப்போய்க் குப்புறப் படுத்துக் கையைப் பிடித்து இழுத்தார். பிள்ளை இருமி, வாந்தி எடுத்து, பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

“கூப்பிட்டிருக்கலாமேம்மா” என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கூப்பிட முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு நொடி, மூச்சை விட்டு இழுக்கவே போதாது. கையை ஆட்டவும் முடியாது, அது தானாகவே தண்ணீரை அமுக்கப் போய்விடும். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா இதைப் படமெடுத்து விளக்கியிருக்கிறார். இப்படித் தத்தளிப்பது 20 முதல் 60 விநாடிதான், அதற்குள் மூழ்கிவிடுவார்கள் என்கிறார். ஒரு வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் போடும் நேரம்.

அதனால் எங்கள் வீட்டு விசேஷங்களில் இப்போது ஒரு விசில் வைத்திருக்கிறோம். அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குக் கைப்பேசி கிடையாது, சாப்பாடு கிடையாது, பேச்சும் கிடையாது. கண் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்தவரிடம் விசிலைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகரலாம். எல்லாரும் இருக்கிறார்களே என்ற நினைப்புதான் அன்று அந்தப் பிள்ளையைக் கிட்டத்தட்டக் கொண்டுபோனது. இன்னொன்று, நீல நிற நீச்சலுடை வாங்காதீர்கள். தண்ணீருக்குள் ஆள் இருப்பதே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு நல்லது.

பினாங்கிலிருந்து:

அக்கா சொன்னது நீந்தத் தெரியாத பிள்ளையைப் பற்றி. நான் பார்த்தது நன்றாக நீந்துகிற பையனை. பத்து பெரிங்கி என்ற கடற்கரைப் பகுதியில் ஒரு ஹோட்டல் குளம். சித்தப்பா பிள்ளைகள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி வைத்தார்கள். பெரியவன் முங்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அடியில் அசையாமல் கிடந்தான். மேலே தம்பிகள் “எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது” என்று உற்சாகமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா குதித்துத் தூக்கியபோது அவனுக்கு நினைவே இல்லை. நல்லவேளை, கரையில் போட்டதும் மூச்சு வந்தது. அன்றிரவு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள்.

மூச்சு முட்டுகிற உணர்வைக் கொடுப்பது முக்கியமாக உடம்பில் ஏறும் கரியமிலவாயுதான், பிராணவாயு குறைவதல்ல. வேகமாக மூச்சு விட்டால் கரியமிலவாயு முன்கூட்டியே இறங்கிவிடும். முட்டுகிற உணர்வு வருவதற்குள் பிராணவாயு தீர்ந்து மயக்கம் வந்துவிடும். எந்த முன்னறிவிப்பும் இருக்காது. நீச்சல் தெரிந்த பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அவர்கள்தான் இந்தப் போட்டிக்குப் போகிறவர்கள்.

பழைய கிள்ளான் சாலையிலிருந்து:

நான் நர்ஸாக இருக்கிறேன். தூக்கிய பிறகு நம் ஆட்கள் செய்வதைப் பார்த்தால் பதறுகிறது. தலைகீழாகப் பிடித்து ஆட்டுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நேரம் போய்விடும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் ஒருவர் அவசர எண் 999-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கட்டும். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

இதைப் படித்துவிட்டு எங்கள் கொண்டோ குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். மிதவை வளையம் இருந்தது, ஆனால் திருட்டுப் போகிறது என்று சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி கீழே காவலர் அறையில். குளம் எட்டாவது மாடியில். நிர்வாகக் குழுவுக்கு எழுதினேன், சங்கிலியை எடுத்துவிட்டார்கள், நீளமான கம்பு ஒன்றும் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் குளத்தில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று இன்று மாலையே பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.