மாஸ்கோ கிளையின் சம்பளத் தரவை அழிக்கச் சொல்கிறார்கள். அழிக்கலாமா?

பீளமேடு_சம்பளக்கணக்கு எழுதியது:

வணக்கம். கோவையில் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து தரும் சின்ன கம்பெனி எங்களுடையது. மொத்தம் 38 பேர். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஜெர்மனியில் வால்வு தயாரிக்கிற ஒரு நிறுவனம். அவர்களுக்கு மாஸ்கோவில் ஒரு கிளைக் கம்பெனி இருக்கிறது. 2017-இல் 140 பேர் இருந்தார்கள், இப்போது 63 பேர். அவர்களுடைய சம்பளம், விடுப்பு, ஓவர்டைம் எல்லாம் எங்கள் மென்பொருளில்தான் கணக்காகிறது. சர்வர் பிராங்பர்ட்டில், ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கிளவுடில்.

ஜெர்மன் நிறுவனம் மாஸ்கோ கிளையை விற்கப் போகிறது. செவ்வாய்க்கிழமை அவர்களுடைய ஐடி தலைவரிடமிருந்து மெயில் வந்தது: "30-ஆம் தேதிக்குள் ரஷ்யப் பயனர்களின் அணுகலை நிறுத்துங்கள், தரவு முழுவதையும் அழியுங்கள், அழித்ததற்குச் சான்றிதழ் அனுப்புங்கள். பொருளாதாரத் தடை காரணம்."

வியாழக்கிழமை மாஸ்கோ கிளையின் எச்ஆர் அம்மா எழுதினார். எட்டு வருடமாக அவரோடு மெயிலில் பழக்கம். பெயர், பாஸ்போர்ட் எண் போன்றவை முதலில் அவர்கள் ஊர் சர்வரில்தான் பதிவாகும், நகல்தான் நமக்கு வரும். ஆனால் மாதாந்தரக் கணக்கு நம்மிடம் மட்டுமே உருவாகிறது. அவர் ஒரு ஸ்கிரீன்ஷாட் இணைத்திருந்தார். ஒரு வெல்டரின் பக்கம் அது. 2019 பிப்ரவரி, இரவு ஷிப்ட் 11, வெல்டிங் வேலையில் இருந்த நாள் 19. அங்கே வெல்டர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம் உண்டாம். அந்த வேலையில் எத்தனை நாள் இருந்தார் என்பதற்குச் சான்று வேண்டுமாம். "இதை அழித்தால் இவருக்கு நான் என்ன காட்டுவேன்?" என்று கேட்டிருக்கிறார். ஊழியர் ஆவணங்களை 50 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம் என்றும் எழுதியிருக்கிறார்.

இரண்டு பக்கமும் சட்டம் என்கிறார்கள். இந்தியா இந்தத் தடைகளில் சேரவே இல்லையே, நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது? இதற்கு நடுவில் எங்கள் வங்கி போன இன்வாய்ஸ் பணத்தை ஐந்து வாரமாக நிறுத்தி வைத்திருக்கிறது. இன்வாய்ஸில் கிளையின் முகவரி "செவஸ்தோபோல்ஸ்கி பிராஸ்பெக்ட்" என்று இருப்பதுதான் காரணமாம். அது மாஸ்கோவில் ஒரு தெரு.

எங்கள் டெவலப்பர் ஒருவர் "அழித்துவிட்டால் வேலை முடிந்தது அக்கா" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

—

தி_நகர்_ஆடிட்டர் எழுதியது:

மேடம், இந்தியப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். நம் அரசு ஐநா பாதுகாப்பு சபை போடும் தடைகளைத்தான் அமல்படுத்துகிறது. ஐரோப்பா, அமெரிக்கா போடும் தடை இந்தியச் சட்டம் ஆகாது. ரஷ்யாவோடு ரூபாயிலேயே கணக்கு முடிக்க ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் வழி செய்தும் கொடுத்தது.

2023-இன் தனிநபர் தரவுச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு, வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, வெளிநாட்டில் இருப்பவர்களின் தரவை இங்கே கையாளும் கம்பெனிகளுக்குப் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு தருகிறது. தரவைப் பத்திரமாக வைக்கும் கடமை மட்டும் போகாது. அப்புறம், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் கொடுத்த உத்தரவுப்படி சிஸ்டம் லாக்குகளை (யார், எப்போது, என்ன செய்தார் என்ற பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். "எல்லாவற்றையும் அழி" என்றால் லாக்கையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள்.

ஆகவே தடை உங்களைக் கட்டுப்படுத்தாது என்பது என் கருத்து.

—

மைன்_கரை எழுதியது:

ஆடிட்டர் ஐயா சொன்ன இந்தியப் பகுதி சரி. கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் பிராங்பர்ட்டில் ஒரு நிறுவனத்தில் தடைகள் தொடர்பான வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அக்கா, உங்கள் நிலைமையில் நான் பார்க்கும் மூன்றாவது கம்பெனி நீங்கள்.

ரஷ்யா மீதான தடைகளைச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 833/2014 விதிமுறையில் 13-ஆம் பிரிவைப் படியுங்கள். ஐரோப்பிய மண், ஐரோப்பிய குடிமக்கள், ஐரோப்பிய கம்பெனிகள் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் "ஒன்றியத்துக்குள் முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ நடக்கும் வியாபாரம்" என்று முடிக்கும். உங்கள் அலுவலகம் பீளமேட்டில் இருக்கலாம். சர்வர் ஓடுவது இங்கே, பணம் வருவது ஜெர்மன் கம்பெனியிடமிருந்து. எனக்கு எதுவும் பொருந்தாது என்று அதை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

2023 டிசம்பரில் வந்த 12-ஆவது தடைத் தொகுப்பில், ரஷ்யாவில் உள்ள கம்பெனிகளுக்கு நிறுவன நிர்வாக மென்பொருள் தரக்கூடாது என்று சேர்த்தார்கள். கம்பெனியின் எல்லா வேலைகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஈஆர்பி மென்பொருள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டியலின் கடைசியில் கணக்கு, ஊழியர் நிர்வாகம் இரண்டும் இருக்கின்றன. சம்பள மென்பொருள் அதில் வந்துவிடும். ஐரோப்பியத் தாய்க் கம்பெனியின் கிளைகளுக்கு 2024 செப்டம்பர் 30 வரை விலக்கு இருந்தது. அதற்குப் பிறகு உரிமம் வேண்டும். ஜெர்மனியில் அதைக் கொடுப்பது எஷ்போர்னில் உள்ள பாஃபா என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகம். முதல் வேலையாக அந்த உரிமத்தின் நகலைக் கேளுங்கள். கிளை கைமாறிய நிமிடமே "எங்கள் சொந்தக் கிளை" என்ற காரணம் போய்விடும். அதனால்தான் 30-ஆம் தேதி என்கிறார்கள். அமெரிக்காவும் 2024 செப்டம்பர் 12 முதல், இதே வகை மென்பொருளுக்கான கிளவுட் சேவையை ரஷ்யாவுக்குத் தருவதை அமெரிக்கர்களுக்குத் தடை செய்திருக்கிறது. உங்கள் கிளவுட் கம்பெனி அமெரிக்கக் கம்பெனி. நீங்கள் நிறுத்தாவிட்டாலும் அவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே அணுகலை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அழிப்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மென்பொருள் தராதே என்கிறது தடைச் சட்டம். ஒரு வெல்டரின் எட்டு வருட உழைப்புக் கணக்கை அழி என்று அதில் எங்கேயும் இல்லை.

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 28-ஆம் பிரிவின்படி, சேவை முடியும்போது தரவைத் திருப்பித் தருவதா அழிப்பதா என்று முடிவு செய்யும் உரிமை கன்ட்ரோலருக்குத்தான், அதாவது தரவை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் கம்பெனிக்குத்தான். அவர்கள் சார்பில் தரவைக் கையாளும் பிராசஸரான உங்களுக்கு அந்த உரிமை கிடையாது. ஐடி தலைவர் மெயில் போட்டதாலேயே அது கன்ட்ரோலரின் உத்தரவு ஆகிவிடாது. ஒப்பந்தத்தின் தரவு இணைப்பை எடுத்துப் பாருங்கள். கன்ட்ரோலர் என்று யார் பெயர் இருக்கிறது? அந்த 63 பேருக்கும் முதலாளி மாஸ்கோ கிளை. பெரும்பாலும் அதன் பெயரோ, இரண்டு கம்பெனிகளின் பெயருமோ இருக்கும். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட உத்தரவு இல்லாமல் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள்.

திருப்பித் தருவது என்றால் தரவுக் கோப்பு மட்டும். லாகின், பார்ப்பதற்கு ஒரு புரோகிராம், "ஒரு மாதம் சப்போர்ட் தருகிறோம்" எதுவும் கூடாது, அது மென்பொருள் சேவை ஆகிவிடும். ரஷ்யா 2022 மார்ச் 16-இல் ஐரோப்பாவின் மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஐரோப்பிய ஆணையத்தின் "போதுமான பாதுகாப்பு உள்ள நாடு" அங்கீகாரமும் அதற்கு இல்லை. அதனால் எந்த ஒப்பந்தப் பிரிவின்கீழ் அனுப்புகிறோம் என்று ஜெர்மன் வக்கீல் எழுதித் தரட்டும். 2021-இல் வந்த மாதிரி ஒப்பந்தத்தில் பிராசஸரிடமிருந்து கன்ட்ரோலருக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது. இதை எல்லாம் விற்பனைக்கு முன்பே முடிக்க வேண்டும். வாங்குபவர் யார், அவர் கம்பெனியில் 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் தடைப் பட்டியலில் இருக்கிறாரா என்பது தெரியாமல், விற்றபின் எதுவும் கொடுக்காதீர்கள்.

வங்கி விஷயம் எளிது. கிரிமியா, செவஸ்தோபோல் என்ற சொற்களை வங்கிகளின் வடிகட்டி பிடித்துவிடும், 2014-லிருந்தே அந்தப் பகுதிக்குத் தனித் தடை இருக்கிறது. மாஸ்கோ அஞ்சல் குறியீடு, கிளையின் வரி எண், பதிவுச் சான்றின் நகல் மூன்றையும் வைத்து, இது ஊர் இல்லை, தெரு என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். கிளை மேலாளரிடம் சொல்லிப் பயனில்லை. ஃபைலைப் பார்ப்பது தலைமை அலுவலகத்தின் கம்ப்ளையன்ஸ் பிரிவு.

—

வார்சா_தமிழன் எழுதியது:

இந்தத் தடைகளுக்குக் காரணமான உக்ரைன் போரின் மறுபக்கத்தையும் ஞாபகத்தில் வையுங்கள். நான் இங்கே உக்ரைனியர்களோடு வேலை செய்கிறேன். படையெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு வரைக்கும் அரசுத் தரவு நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. 2022 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதைத் தளர்த்தியது. மார்ச்சில் வங்கிகளும் வெளிநாட்டு கிளவுடில் தரவை வைக்கலாம் என்று மத்திய வங்கி சொன்னது. பிரிவாட் வங்கி தன் அமைப்புகளை 45 நாளுக்குள் அமேசான் கிளவுடுக்கு மாற்றியது. கட்டிடத்தில் குண்டு விழுந்தாலும் கணக்கு இருக்க வேண்டும் என்பதற்காகவே சட்டத்தை மாற்றினார்கள். மாஸ்கோ நேர் எதிராகப் போனது. 2025 ஜூலை 1 முதல், தன் குடிமக்களின் தரவைச் சேகரிக்கும்போது வெளிநாட்டு டேட்டாபேஸில் பதியவே கூடாது என்று இறுக்கிவிட்டது.

—

சர்வர்_மணி எழுதியது:

அக்கா, செய்யும் வரிசை முக்கியம். முதலில் மாஸ்கோ பயனர்களுக்கு எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, பார்க்கும் உரிமையை மட்டும் வையுங்கள். அன்றைக்கே முழு பேக்கப் எடுத்து, அந்த அமெரிக்க கிளவுடுக்கு வெளியே ஒரு நகல் வையுங்கள். நயாரா எனர்ஜி கதை நினைவிருக்கும். குஜராத்தில் வாடினார் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் இந்தியக் கம்பெனி, ரஷ்ய அரசு எண்ணெய்க் கம்பெனி ரோஸ்நெஃப்ட்டுக்கு 49.13 சதவீதப் பங்கு. 2025 ஜூலை 18-இல் ஐரோப்பா தடை போட்டது. சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் சேவை நின்றது, சொந்த மெயிலையே திறக்க முடியவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் திரும்பி வந்தது. இந்தியச் சட்டத்தில் அது குற்றமே இல்லை, ஆனாலும் திரை இருண்டுவிட்டது.

ஒரு ஊழியருக்கு ஒரு பிடிஎஃப், மொத்தத்துக்கு ஒரு சிஎஸ்வி அட்டவணைக் கோப்பு என்று எடுங்கள். இரண்டையும் குறியாக்கம் செய்து, கடவுச்சொல்லை வேறு வழியில் அனுப்புங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் அது மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் எண் எழுதி வையுங்கள். அந்த அம்மா திறந்து பார்த்து, எண்ணிக்கை சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அழிப்பு. பேக்கப் நகல்களையும் மறக்காதீர்கள், சான்றிதழில் அதற்கான தேதி தனியாக வர வேண்டும்.

—

பீளமேடு_சம்பளக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மைன்_கரை சொன்னபடி ஒப்பந்தத்தின் தரவு இணைப்பைத் தேடி எடுத்தேன். கன்ட்ரோலர் மாஸ்கோ கிளைதான். 2017-இல் நானே கையெழுத்துப் போட்ட காகிதம். ஜெர்மன் கம்பெனிக்கு அந்தப் பக்கத்தின் நகலை வைத்து எழுதினேன். இரண்டு நாளில் அவர்களுடைய வக்கீல் அழைத்தார், ஐடி தலைவர் சட்டப் பிரிவைக் கேட்காமலே மெயில் போட்டிருக்கிறார். உரிமத்தின் நகலும் வந்தது, விற்பனை முடியும் நாளோடு காலாவதி ஆகிறது. அனுப்புவதற்கான ஒப்பந்தப் பிரிவையும் வக்கீலே எழுதித் தந்தார். "முதலில் திருப்பித் தருக, பிறகு அழிக்க" என்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட உத்தரவு புதன்கிழமை வந்தது.

2017-லிருந்து வேலை பார்த்தவர்கள் மொத்தம் 211 பேர், வேலையை விட்டுப் போனவர்களையும் சேர்த்து. 211 பிடிஎஃப். மணி தம்பி சொன்னபடி ஹாஷ் பட்டியலோடு வெள்ளிக்கிழமை அனுப்பினோம். எச்ஆர் அம்மா சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலை வந்த மெயிலில் மூன்று பேருக்கு 2018 டிசம்பர் மாதம் விடுபட்டிருப்பதாகச் சொன்னார். தேடினோம். அந்த மாதம் சர்வர் மாற்றியபோது அந்த மூன்று பேரின் கணக்கு பழைய அட்டவணையிலேயே நின்றுவிட்டது. அழித்திருந்தால் அது என்றைக்கும் கிடைத்திருக்காது. அந்த மூன்றையும் அனுப்பிவிட்டோம். அழிப்பை வரும் 28-ஆம் தேதிக்கு வைத்திருக்கிறோம்.

வங்கிக்குக் கடிதம் போய்விட்டது. பணம் இன்னும் வரவில்லை.